பந்தித் தலைவனின் முதல் நாள்

தென்பெண்ணையின் நீர்ப்பரப்பில் அந்திச் சிவப்பு மெல்ல மங்கிக்கொண்டிருக்க, கீழ்வானில் எழுந்த நிலவு நெடுங்கரைக் கோட்டையின் மதில்களை வெளிறச் செய்தது. மதிலின் நிழலில் நானூறு போர்க்குதிரைகள் நின்ற பெரும் இலாயத்தில் அன்று மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். இலாயம் முழுவதையும் மேற்பார்க்கும் புதிய பந்தித் தலைவன் பதவியேற்ற நாள் அது. ஆனால் தோரணத்துக்குரிய மயிந்தனோ, இலாயத்தை விட்டு வெகுதூரம் தள்ளி ஆற்றோரத்தில் இருந்த ஒற்றைக் கொட்டிலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

புல் அறுப்பவனாக வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் குதிரைகளோடு குதிரையாகக் கிடந்து, அரசர் கையால் முத்திரை மோதிரம் பெற்றவனுக்கு என்ன துயரம் என்று வாசகர்கள் கேட்கலாம். துயரம் அவன் எதிரிலேயே நின்றது. அதன் பெயர் சாமரன். போர்க்களத்தில் மாண்ட இளவரசரின் உடலை முதுகில் சுமந்து தனியாகவே கோட்டைக்குத் திரும்பிய கரிய குதிரை அது. அன்று முதல் அதற்கு உரியவள் இளவரசரின் தங்கை அரிஞ்சிகை. ஆறு நாட்களாகச் சாமரனின் மூக்கில் பசை போன்ற சீழ் ஒழுகியது. முதலில் சாதாரணச் சளி என்றுதான் மயிந்தன் எண்ணினான். அன்று மதியம் மூக்கினுள் புண்ணைக் கண்டதும் அதை இந்த ஒற்றைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து கட்டினான். கடற்கரைத் துறையொன்றில் இதே நோய் ஒரே மாதத்தில் இருநூறு குதிரைகளை வாரிக்கொண்டு போனதை அவன் பார்த்திருக்கிறான். இதற்கு மருந்து கிடையாது. நோய் கண்ட குதிரையைக் கொன்று எரிப்பது ஒன்றே வழி.

அதிலும் ஒரு விபரீதம் இருந்தது. வடநாட்டுத் தூதர் அப்போது கோட்டைக்குள் விருந்தினராக இருந்தார். மறுநாள் காலை சமாதான ஓலையில் முத்திரை விழ வேண்டும். நெடுங்கரையின் குதிரைப்படைக்கு அஞ்சித்தான் அந்தச் சமாதானமே. குதிரைகளிடையே கொள்ளைநோய் என்ற பேச்சு வெளியே கசிந்தால், ஓலைக்குப் பதில் படைதான் வரும்.

வாயிலில் சிலம்பொலி கேட்டது. அரிஞ்சிகை வெல்லக்கட்டியை ஏந்தி வந்து நின்றாள்.

"பந்தித் தலைவருக்கு வாழ்த்துச் சொல்ல வந்தேன். தலைவரோ ஒளிந்து கிடக்கிறார்."

"அங்கேயே நில்லுங்கள், தேவி. உள்ளே வர வேண்டாம்."

அவன் குரலில் இருந்த ஏதோவொன்று அவளை அப்படியே நிறுத்தியது. மயிந்தன் ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"தந்தையிடம் இரகசியமாகச் சொன்னால் என்ன?" என்றாள் அவள்.

"மன்னர் மருத்துவர்களை அழைப்பார். மருத்துவர் வந்தால் ஊரே வரும். தூதரின் ஆட்கள் சும்மா இருப்பார்களா?"

"அரசகுலத்துக் குதிரையைக் கொன்றவனுக்குத் தலை போகும். தெரியுமல்லவா?"

"குதிரைக்கு உரியவர் விரும்பினால் தண்டனையை மாற்றலாம் என்பதும் தெரியும். ஆனால் அதனால் எனக்குப் பெரிய இலாபம் இல்லை, தேவி." மயிந்தன் வலக்கையை நிலவொளியில் நீட்டினான். மணிக்கட்டில் நீலம் பாரித்த புண் ஒன்று வாய் திறந்திருந்தது. "ஆறு நாள் இந்தக் கையால்தான் சீழைத் துடைத்தேன். துறையில் குதிரைக்காரர்களும் இப்படித்தான் செத்தார்கள்."

அரிஞ்சிகையின் கையிலிருந்து வெல்லம் விழுந்தது. தன்னை அறியாமல் அவள் ஓரடி முன்னே வைக்க, அவன் இரண்டடி பின்வாங்கினான். குதிரையேற்றம் கற்றுத்தந்த நாளிலிருந்து அவளை அவன் நேசித்தான். அவளும்தான். அதை இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இனிச் சொல்லி என்ன பயன்?

"சாவது பெரிதில்லை," என்றான் மயிந்தன். "சாமரனோடு நீர் குடித்த குதிரைகள் பதினொன்று இருக்கின்றன. அவற்றை ஒதுக்கி, நாள்தோறும் மூக்கைப் பார்த்து, தொட்டியைக் காயவைத்து, ஒருவரிடமும் மூச்சு விடாமல் காக்க ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவனை விட்டுச் செல்லாமல் போகிறேனே என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது."

அவள் சாமரனைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அதன்பின் அந்தக் கொட்டிலில் நடந்ததை விவரிக்க நமக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை சபை கூடியது. தூதர் அரசருக்கு அருகே அமர்ந்திருந்தார். காவலர் தன்னைத் தீண்டுமுன் தானாகவே நடந்து வந்த மயிந்தன், தூணருகே ஒதுங்கி நின்றான்.

"ஏன் கொன்றாய்?" அரசரின் குரல் இடியாய் விழுந்தது.

"எனக்கு அடங்க மறுத்தது, பிரபு. ஆத்திரத்தில் கொன்றேன்."

சபை கொதித்தது. வாளை உருவச் சொல்லி அரசர் கையை உயர்த்திய அதே கணத்தில் அரிஞ்சிகை எழுந்தாள். அவள் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

"குதிரை என்னுடையது, அப்பா. தீர்ப்பும் என்னுடையது. இவனை ஒரே வெட்டில் அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அக்கரைக் கல்மண்டபத்தில் இவன் தனியே கிடந்து சாகட்டும். ஒருவரும் இவனை நெருங்கக் கூடாது. இவன் துணியும் பாயும் அந்தக் கொட்டிலும் இன்றே எரிய வேண்டும்."

தூதர் தம் உதவியாளன் பக்கம் சாய்ந்தார். "ஒரு குதிரைக்கே இவ்வளவு வன்மமா? இவர்களோடு பகை வேண்டாம். ஓலையைக் கொண்டு வா."

முத்திரை விழுந்தது. மயிந்தன் வாயிலை நோக்கி நடந்தான். "அடுத்த பந்தித் தலைவன் யார்?" என்று அரசர் அலுப்போடு கேட்டது அவன் காதில் விழுந்தது.

"நான்," என்றாள் அரிஞ்சிகை.

சபையில் யாரோ அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. "மணமாலை எனக்கு வேண்டாம். இனி என் வாழ்வு அந்த இலாயத்தில்தான். அங்குள்ள ஒவ்வொரு குதிரையையும் என் கண்ணால் பார்த்து, என் கையால் காப்பேன். உயிருள்ளவரை அந்த ஆசனத்தை வேறொருவருக்கு விட்டுத்தர மாட்டேன். கொற்றவை மீது ஆணை."

வாளின் எதிரே இமைக்காமல் நின்ற மயிந்தன், வாயிற்படியில் நின்று, முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். தலை தப்பிய மகிழ்ச்சியில் அழுகிறான் கோழை என்று சபையோர் ஏளனம் செய்தார்கள்.