மூன்றாம் பங்கு

நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. "உங்க பங்கு எத்தனைங்க?" என்றுதான் கேட்கிறார்கள். ஈரோட்டில் பங்குமானி கட்டாத மணிக்கட்டே கிடையாது.

அந்தப் பட்டை இரத்தத்தில் ஓடும் நானூறு வளர்சிதை மாற்றப் பொருட்களை ஓயாமல் அளக்கும். மரபணுவோடு சேர்த்துப் படிக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏன் கெட்டுப்போயின என்பதைப் பிறப்புப் பங்கு இவ்வளவு, நடத்தைப் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடும். பிறப்புப் பங்கு அதிகமென்றால் அனுதாபம் கிடைக்கும். நடத்தைப் பங்கு அதிகமென்றால் பழத்தோடு அறிவுரையும் கிடைக்கும்.

பூங்கோதைக்கு வந்தது மூட்டுவாதம். அவளுடைய எதிர்ப்பு அணுக்கள் கிருமிகளை விட்டுவிட்டு அவள் மூட்டுகளையே அரித்தன. முப்பத்தெட்டு வயதில் அவளால் ஒரு பொத்தானைப் போட முடியவில்லை. நடத்தைப் பங்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு.

அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து பாசக்காரர். அதுதான் தொல்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தங்கையின் அந்த வார எண்ணைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். 'நாலு பேர் சொன்னாத்தான் கேக்கும்' என்று கீழே ஒரு வரியும் சேர்ப்பார். நாலு பேர் என்ன, நாற்பத்தேழு பேர் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். ராகிக் களி தின்றாள், விடிந்ததும் நடந்தாள், இனிப்பைத் தொடவில்லை. எண் எழுபத்தொன்பதுக்கு ஏறியது.

"மெசின் பொய் சொல்லாது அம்மிணி," என்று நாச்சிமுத்து அவள் அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். அவள் கணவனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஒரு டப்பாவில் நாலு கடலை மிட்டாய் இருந்தது. அவள் மகளுடையது. அதையும் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

ஆடி மாதம் பங்குமானியைப் புதுப்பித்தார்கள். தங்கையின் புது அறிக்கையை வாங்க நாச்சிமுத்துதான் டாக்டர் மெய்யழகியிடம் போனார். அதில் மூன்று பங்குகள் இருந்தன. பிறப்பு இருபத்தொன்று, நடத்தை ஏழு, பிறர் எழுபத்திரண்டு.

"பிறர்னா என்னங்க டாக்டர்?"

"வெட்கத்துல கூனிக் குறுகறப்ப இரத்தத்துல சில பொருள் ஏறுதுங்க. அது எதிர்ப்பு அணுக்களைச் சீண்டி விட்டுடும். இத்தனை நாளா அதையும் நடத்தையிலதான் சேத்துட்டு இருந்தோம். தப்புங்க. இனிமே அது ஏறுனா பட்டையே செவந்து கீச்சிடுமுங்க." டாக்டர் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். வாரம் முழுக்கத் தட்டையாகக் கிடந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக எழுந்து நின்றது. "ஞாயித்துக்கெழமை காலைல ஒம்பது மணி. வாராவாரம் இப்படித்தான். அப்ப என்னங்க நடக்குது?"

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருந்துச் சீட்டின் அடியில் எழுதி நீட்டினார்: 'தவிர்க்க வேண்டியவை: ஊறுகாய், அப்பளம், அண்ணன்.'

இருந்தாலும் ஒரு முறை மன்னிப்புக் கேட்காமல் எப்படி விடுவது? நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

"வாங்கண்ணா, உக்காருங்க. காப்பி போடறேன்," என்று பூங்கோதை சிரித்தாள். அவள் மணிக்கட்டில் பட்டை சிவந்தது. சட்டென்று முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

"கண்ணு, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்க."

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா."

முந்தானைக்கு அடியில் பட்டை கீச்சிடத் தொடங்கியது. மடங்காத விரல்களால் அதை அமுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலீங்கண்ணா, சத்தியமா. அது தானா அடிக்குதுங்க."

வெட்கப்பட வேண்டியவர் அவர். அப்போதும் அவள்தான் வெட்கப்பட்டாள். அவர் கேட்ட மன்னிப்பும் அவள் மூட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

காப்பிக்குக் காத்திருக்காமல் நாச்சிமுத்து எழுந்தார். படியிறங்கும்போதும் கீச்சொலி கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே நின்று காதைத் தீட்டிக் கேட்டார்.

சத்தம் நின்றிருந்தது.