ஆறாம் கடல் ராட்சசி

மாயக்குகைக்குள் போனவர்கள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள்.

அலறிக்கொண்டு வந்திருந்தால் கருப்பண்ணன் சந்தோஷப்பட்டிருப்பான். ஜனங்கள் அலற வேண்டும் என்றுதானே அறுபத்தாறாம் வருஷம் அந்தக் குகையைக் கட்டினான்! நீண்ட தகரக் கொட்டகை. உள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டு. இருட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் தண்டவாளம், அதன்மேல் நான்கு பேர் உட்காரும் பெட்டிவண்டி. ஏழு திருப்பங்களில் ஏழு கடல்கள், ஒவ்வொரு கடலிலும் கதையில் வரும் இளவரசனுக்கு ஓர் ஆபத்து. ஏழு வருஷமாக ஊர் ஊராக ஓடுகிறது. இந்த ஆடி மாதம் பாலக்கோட்டுப் பொருட்காட்சியில்தான் இப்படி. இறங்கிய பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு விம்மினார்கள். பயமில்லை. துக்கம்.

"என்னம்மா ஆச்சு?" என்று கருப்பண்ணன் ஒருத்தியைக் கேட்டான்.

"தெரியலீங்க. எங்க வூட்லயே யாரோ செத்துப்போன மாதிரி நெஞ்ச அடைக்குது."

மோட்டாரை இயக்கும் உசேன் காதில் செருகிய பீடியை எடுத்தான். "அண்ணே, போர்டை மாத்திரலாம். 'இழவு வூடு, அனைவரும் வருக'ன்னு எழுதிப்போடுங்க."

கருப்பண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே அவன் மனைவி நஞ்சம்மாள் இருந்தாள்.

ஆறாம் கடலில், கறுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பியை இழுப்பது அவள் வேலை. இழுத்தால் ராட்சசி எழுந்து கை விரிப்பாள். பழைய ராட்சசி வெறும் அட்டை. "போன வருசம் பாத்த கெழவிதானே? இன்னும் சாவலையா?" என்று ஜனங்கள் கேலி பேசியதால், இந்த வருஷம் புதிதாக ஒருத்தியைச் செய்ய வேண்டியிருந்தது. மாரண்டஹள்ளிப் பக்கம் லாரியில் வரும்போது ஏரிக்கரையில் ஆளுயர வைக்கோல் பொம்மை ஒன்று கிடந்தது. பெண் உருவம், முகத்திலும் மார்பிலும் மண் பூசி, மையால் கண் எழுதியது. ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிப்போட்டு வந்தான். பல் வைத்து, சவுரி முடி ஒட்டி, ஆறாம் கடலில் நிறுத்தினான். அதன் கணுக்கால்களில் கயிறு கட்டி இழுத்த தடம் இருந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் நஞ்சம்மாள் சாப்பிட வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் தூங்க வரவில்லை. மூன்றாம் நாள் அவளிடமிருந்து பேச்சே வரவில்லை, பாட்டு வந்தது. இழவு வீட்டில்கூட வாய் திறக்காதவள், இருட்டுக்குள் உட்கார்ந்து ராகம் இழுத்து ஒப்பாரி வைத்தாள். கருப்பண்ணன் மூன்று தடவை போய்க் கெஞ்சினான், திட்டினான், காலில் விழாத குறை. கம்பியை அவள் விடவில்லை. பிடித்து இழுத்தபோது அவள் கை சருகு மாதிரி மொடமொடத்தது. கனமே இல்லை. தர்மபுரி டாக்டரிடம் காட்டலாமென்றால், முதலில் அவளை வெளியே கொண்டுவர வேண்டுமே!

நான்காம் நாள் மத்தியானம் வண்டியிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் அழவில்லை. நேராக அவனிடம் வந்தார். மாரண்டஹள்ளிப் பக்கத்து விவசாயி, பெயர் மாதப்பன்.

"ஏம்ப்பா, எங்கூரு கொடும்பாவிய நீயா எடுத்தாந்த?"

"எது?"

"மழ இல்லன்னா வைக்கோல்ல பொம்பள செஞ்சு, ஊர்ப் பாவத்தையெல்லாம் அவ தலயில எறக்கித் தெருத் தெருவா இழுப்போம். பொணமா நெனச்சு மாரடிச்சு அழுவோம். அப்புறம் சுடுகாட்டுல எரிக்கணும். எரிச்சாத்தான் மழ. போன மாசம் பாதி வழியிலயே தூத்தல் போட்டுருச்சு. அதான் மழ வந்திருச்சேன்னு ஏரிக்கரையில போட்டுட்டு அல்லாரும் வூட்டுக்கு ஓடிட்டோம். அன்னிக்குத் தூறுனதோட சரி."

கருப்பண்ணன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அழுத பொணத்த எரிக்காம வெக்கக் கூடாது, சாமி. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"என் பொண்டாட்டி."

மாதப்பன் துண்டை இடுப்பில் இறுக்கினார். "வெரசா எரிச்சுரு."

உசேன் மோட்டாரை நிறுத்தினான். கருப்பண்ணன் டார்ச்சோடு தண்டவாளத்தின்மேல் நடந்து உள்ளே போனான். வெயிலில் காய்ந்த தகரம் தலைக்குமேல் டிக் டிக்கென்று சத்தமிட்டது. சாயம், கிரீஸ், கந்தல் துணி என்று அவனுக்குப் பழகிய வாசனைகளுக்கு அடியிலிருந்து வாடிய சாமந்தியும் ஊதுவத்தியும் கிளம்பி வந்தன. முதல் கடல். மூன்றாம் கடல். அவன் கையாலேயே செய்த முதலை, அவன் கையாலேயே வரைந்த பாம்பு. ஒப்பாரி கிட்டே வந்தது. ஐந்தாம் கடல். இன்னும் கிட்டே.

ஆறு.

பாட்டு நின்றது.

துணிக்குப் பின்னால் நஞ்சம்மாள். முதுகு. குனிந்த தலை.

"நஞ்சு, இன்னும் கொஞ்ச நேரந்தான். எல்லாம் சரியாப்பூடும்."

அவள் திரும்பவில்லை.

ராட்சசியின் இடுப்பைக் கட்டித் தூக்கினான். அசையவில்லை. மறுபடி தூக்கினான். அசையவில்லை. உசேனும் மாதப்பனும் ஓடி வந்தார்கள். மூன்று ஆண்களும் சேர்ந்து மூச்சுத் திணறத் திணற இழுத்தார்கள்.

"வைக்கோலாண்ணே இது? நெல்லு மூட்ட மாதிரி கனக்குது!" என்றான் உசேன்.

"ஈரம் குடிச்சிருக்கும். பேசாம இழு," என்றார் மாதப்பன்.

ஈரமில்லை. கருப்பண்ணனின் கைக்குள் அது வெதுவெதுவென்று இருந்தது. மண் பூசிய மார்புக்குள் ஏதோ மெதுவாக, மிக மெதுவாக, தட்டியது. தன் இதயம்தான் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்காவிட்டால் கையை விட்டிருப்பான். கையை விட்டால் நஞ்சம்மாள் கிடைக்க மாட்டாள்.

குகை வாயிலுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தீ பிடித்தது. வைக்கோல் படபடவென்று வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை. சொய்ங் என்றது. கொழுப்பு சுடும் நாற்றம். வலக்கை மெல்ல எழுந்து கருப்பண்ணனை நோக்கி நீண்டது.

"உள்ள வெச்ச கம்பிண்ணே. சூட்டுல வளையுது," என்றான் உசேன். அவன் குரலே சரியில்லை.

கை விழுந்தது.

அந்த நிமிஷம் வானம் இருண்டது. கொட்டகைக்குள் சக்கரச் சத்தம் கேட்டது. மோட்டாரை யாரும் போடவில்லை. குகை வாயிலிலிருந்து பெட்டிவண்டி உருண்டு வந்து நின்றது. அதில் நஞ்சம்மாள். நிமிர்ந்து, நேராக, அவனைப் பார்த்தபடி. சிரித்தபடி!

"நஞ்சு!"

ஓடினான். கட்டிக்கொண்டான். கதறினான். நான்கு நாளைய பயமெல்லாம் தொண்டை வழியாகக் கொட்டியது. அவளைத் தூக்கினான்.

ஒரு கையே போதுமாயிருந்தது.

பின்னால், "மழ! மழடோய்!" என்று மாதப்பன் கூத்தாடினார். பொருட்காட்சித் திடலே ஆர்ப்பரித்தது. பெரிய பெரிய துளிகள். ஒன்று அவள் நெற்றியில் விழுந்தது. ஒன்று கன்னத்தில். விழுந்த இடமெல்லாம் குழிந்தது.

கருப்பண்ணன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

அவள் கண்கள் இரண்டும் கரைந்து, கறுப்பாக, கன்னத்தில் வழிந்து இறங்கின. அவை இருந்த இடத்தில் ஈர மண்.

வாய் மட்டும் இன்னும் கரையவில்லை.