மறுபக்கத்துப் பதில்

“அம்மா பேசுன கேசட்ட குடுங்கப்பா.”

அந்த வீட்டில் கேட்கவே கூடாதென்று சொல்லி வளர்த்த ஒன்றை இந்துமதி கேட்டுவிட்டாள். அப்பா சிவசுப்பிரமணியன் கத்தவில்லை. அதுதான் முதலில் சரியில்லாமல் பட்டது. பீரோவைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார்.

“நாலெழுத்து படிச்ச திமிருல்லா ஒனக்கு. ஒம் மிசினுல போட்டுக் கேளு. ரெண்டு பக்கமும் கேக்கணும்ளா.”

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊரார் கல்யாண கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தருபவள் அவள். தன் அம்மா செல்லக்கனியின் குரலை மட்டும் கேட்டதே இல்லை. அப்பா ஷார்ஜாவில் இருந்தபோது அம்மா ஒரு பக்கம் பேசி அனுப்புவாள். அவர் மறுபக்கம் பதில் பேசித் திருப்பி அனுப்புவார். இந்துமதிக்கு ஒரு வயதில் அம்மா கொல்லைக் கிணற்றில் விழுந்தாள். அப்பா மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அவளுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

மத்தியான வெயிலில் உப்பு லாரி போன புழுதி அடங்க, துருப்பிடித்த ஜன்னல் கம்பியின் வாடையும் பழைய நாடாவின் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்க, அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேசட்டைப் போட்டுக் கணினியில் பதிவாக விட்டு, ஹெட்போனை மாட்டினாள்.

“…பிள்ளைக்குப் பல்லு மொளைக்கி. எங்கம்ம ஆறுமுகநேரிக்குக் கூப்பிடுதா. நீங்க வந்தப் பொறவு போலாம்னு இருக்கேன்…”

இவ்வளவு சின்னக் குரலா? கண் நிறைந்தது.

கதவு தட்டும் சத்தம். “ஆரு?” தாழ்ப்பாள். அம்மாவின் சிரிப்பு. “ஏ… நீங்களா! சொல்லாமக் கொள்ளாம…”

பிறகு அம்மா பேசவில்லை. நாற்காலி சாய்ந்தது. கனமான ஏதோ கொல்லைப் பக்கம் இழுபட்டுப் போனது. குழந்தை வீறிட்டது. அவள்தான் அந்தக் குழந்தை.

வெகுநேரம் கழித்து, மைக்குக்கு வெகு அருகில், டக். டக். டக்.

மூக்குப்பொடி டப்பா. மூடியை மூன்று தட்டு தட்டித்தான் அப்பா திறப்பார்.

கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

“செல்லக்கனி, ஒன் கேசட்டு கெடச்சுது. நான் சொகம். இங்க ஷார்ஜாவுல வெயில் சாஸ்தி.”

பின்னால் அதே குழந்தை. அழுது அழுது தொண்டை கட்டிப்போன அதே குழந்தை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் ஒரு “ம்”. ஈரமான, சின்னக் குரல்.

ஹெட்போனைக் கழற்றினாள்.

சத்தம் நிற்கவில்லை. மூடிய அறைக்குள்ளிருந்து வந்தது.

“பிள்ள வளந்துட்டா, பாத்தியா?”

“ம்.”

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அதுவரை பதிவானதை டிஸ்க்கில் ஏற்ற விட்டாள். முடிய நான்கு நிமிடம். உட்கார்ந்தாள். அறுபது சதவீதம். எண்பது. உள்ளே பேச்சு தொடர்ந்தது. கணினியின் தட்டு வெளியே வந்தது. டிஸ்க்கையும் கேசட்டையும் பையில் போட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டிய முதல் வரி வாயில் தயாராக இருந்தது.

“ஏளா, அம்ம கேக்கா. ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ.”

அறைக்கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. எப்போதோ மண் போட்டு மூடிய கிணற்றின் பாசி வாடை.

அவள் தண்ணீரைத் தாண்டி வாசலில் இறங்கினாள். நடந்தாள்.

பின்னால் டக். டக். டக்.

தட்டியது, வளையல் குலுங்கும் கை.