கன்னத்தில் கயிற்றுத் தடம்

"ஐயோ...!"

1957. காலை ஆறரை மணி. சிராங்கூன் ரோட்டுச் சந்தில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியைக் கூட்ட வந்த பூவம்மா, கேட்டுக்குள்ளே தன் புருஷனைப் பார்த்து அலறினாள்.

துரைசாமி! பள்ளியின் ஜாகா... காவல்காரன். மண்டை உடைந்து, சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தான்.

போலீசுக்கு முன்பே வந்து நின்றார் பள்ளிச் செயலாளர் கோவிந்தசாமி. மிளகு மண்டி முதலாளி. பிணத்தின் தலைமாட்டிலும் பேரம் படியும் அவருக்கு!

"அழுவாமக் கேளு பூவம்மா. ஜாகா சம்பளம் கவர்ன்மென்ட் காசு. டூட்டில செத்தா குடும்பத்துக்குப் பெரிய தொகை வரும். உன் மவ லட்சுமி படிக்கணும்ல?"

"மொதலாளி... அவரு உங்க மண்டி வாசல்லதானே காவலுக்கு..."

"உஷ்! சொன்னா தொகையும் கிடையாது, உன் வேலையும் கிடையாது. செத்தவன் பேரும் நாறிடும்லா!"

உண்மைதான். எட்டு மாதமாய்ப் பள்ளிப் பதிவேட்டில் கைநாட்டு... மண்டிக்குக் காவல். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

இன்ஸ்பெக்டர் அப்துல் அஜீஸ் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"உங்க வீட்டுக்காரரு இங்கதான் காவல் இருந்தாராம்மா?"

லட்சுமியின் முகம் கண்ணில் ஆடியது.

"ஆமா... சார்."

"எதுல படுத்துக்குவாரு?"

"தரையிலதான்!" முந்திக்கொண்டார் கோவிந்தசாமி.

இன்ஸ்பெக்டர் துரைசாமியின் முகத்தைத் திருப்பினார். கன்னத்தில்... கட்டம் கட்டமாய்க் கயிற்றுத் தடம்!

"சிமெண்ட் தரை பின்னல் போடுமா மொதலாளி? வாசலுக்குக் குறுக்கே கயித்துக் கட்டில் போட்டுத்தானே ஜாகா படுப்பான்? கட்டில் எங்க?"

கோவிந்தசாமியின் பார்வை தெருவுக்குப் போனது.

புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவம்மா, எழுந்திருக்கக் கேட்டைப் பிடித்தாள். கை பிசுபிசுத்தது. கம்பியில்... ஐந்து விரல்களின் ரத்தத் தடம்!

செத்தவன் எழுந்து கம்பியைப் பிடிப்பானா?

"சார்...! கட்டிலு மண்டி வாசல்ல கிடக்கு! அவரு காத்தது இவரு மிளகு மூட்டைய! உசுரோட கொண்டாந்து போட்டிருக்காரு சார்!"

"செத்துட்டான்னுதான் நெனச்சேன்!" அலறினார் கோவிந்தசாமி. "திருடனுங்க அடிச்சிட்டானுங்க... அங்க கிடந்தா கவர்ன்மென்ட் கேள்வி கேக்குமேன்னு... லோரில ஏத்திக் கொண்டாந்து..."

"ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம்லா மொதலாளி!" என்றார் இன்ஸ்பெக்டர்.

கோவிந்தசாமியின் கையில் விலங்கு ஏறியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "அந்தத் தொகை... இனி வராதும்மா."

பூவம்மா புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசத்துல ஒரே ஒரு ராத்திரிதான் சார் பள்ளிக்கூடத்துக்கு டூட்டிக்கு வந்தாரு... கேட்ட விட்டு ஓரடி நகரல பாருங்க!"