துணைக்கு ஆள் தேவையில்லை

குவியொலி நாற்காலியிலிருந்து கோமதி எழுந்தபோது, உட்காரும்முன் வாங்கி வைத்த தேநீர் இன்னும் ஆறியிருக்கவில்லை.

கருப்பைக் கட்டி போய்விட்டது. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. காதுக்கு எட்டாத ஒலி நாலாபுறமிருந்தும் கிளம்பி, அடிவயிற்றில் கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து, பூதக்கண்ணாடியில் குவிந்த வெயில்போல அதைச் சுட்டுவிட்டிருந்தது. இனி மாதாமாதம் பெருகி ஓடும் உதிரத்துக்குப் பயந்து கறுப்புச் சேலையாகத் தேட வேண்டாம். கோவையில் அலுவலகத்துக்கு அலுவலகம் இந்த நாற்காலி உண்டு. பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தது: துணைக்கு ஆள் தேவையில்லை.

படியில் நின்றபடியே தென்காசியிலிருந்த அக்காவை அழைத்தாள்.

"யக்கா, கட்டி போயிட்டு."

"அப்படியா! வேலைக்குப் போயிட்டியா?"

"போய்க்கிட்டேதான் இருக்கேன். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"பல்லு வெளக்குற நேரத்துல முடியுற காரியத்துக்கு யாருட்டி லீவு தருவா? பெருசா ஏதும்னா வரமாட்டேனா?"

உண்மைதான். உடம்பில் தையல் இருந்தால்தான் நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் விடுப்பு. போன வருடம் அக்கா உலகம்மைக்கு வந்த கட்டி நாற்காலிக்கு அடங்காததாம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள் என்றாள். கோமதி ஒரு மாதம் கூட இருந்து ரசம் வைத்துக் கொடுத்தாள், தலைவாரி விட்டாள். ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போனபிறகு இருவரும் ஒரே பாயில் படுத்துப் பேசியது அப்போதுதான். தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே அக்கா சிரிப்பாள். நோய் வேண்டாம், அந்த ஒரு மாதம் மட்டும் திரும்ப வேண்டும்போல் இருந்தது கோமதிக்கு.

மறுநாள் காந்திபுரத்தில், தோலில் பொய்த் தையல் ஒட்டித்தரும் தழும்புப்பொறி வைத்திருந்த கடைக்குப் போனாள்.

"வலிக்காதுங்க. ஒரு மாசத்துல தானா உரிஞ்சிரும்," என்றாள் கடைக்காரப் பெண். "கடைசித் தையல மட்டும் கோணலா விட்டிருக்கோம். ரொம்ப நேரா இருந்தா யாரும் நம்பமாட்டாங்க."

நாற்காலியில் கட்டி முழுசாகப் போகவில்லை, இந்தமுறை கிழித்தே எடுத்தார்கள் என்று அக்காவுக்குச் செய்தி போனது. தையலின் படமும் போனது.

ஒயர் கூடையில் பிளாஸ்க்கோடு உலகம்மை வந்து இறங்கினாள். ஒரு மாத விடுப்பு. முதல் வேலையாக வெந்நீரில் துணியைப் பிழிந்து, தங்கையின் வயிற்றைத் துடைத்துவிடச் சேலையை விலக்கினாள். கடைசித் தையலுக்கு மேலே அவள் கை அப்படியே நின்றது.

கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடுவாளோ?

உலகம்மை துணியைச் சட்டியிலேயே போட்டாள்.

"தண்ணி காட்டாதட்டி. ஓரம் உரிஞ்சா அப்புறம் ஒட்டாது."

"உனக்கு எப்படிக்கா..."

அக்கா தன் முந்தானையை விலக்கினாள். போன வருடம் கிழித்த வயிற்றில் ஒரு கோடுகூட இல்லை.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனேக்கா."

"நீ சொன்னியே. நான் வந்தேனா?"

அக்கா சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

"தள்ளிப் படு," என்றாள் உலகம்மை.