குறுக்கே ஒரு கேபிள்

"சம்பத் சார்... ஒதுங்குங்க! ஒதுங்குங்க சார்!"

அஃப்தாப் தொண்டை கிழியக் கத்தினான்.

ரிமோட்டில் வலது பக்கம் தள்ளினான். இன்னும் தள்ளினான். ம்ஹூம்! மண் தரையில் சீறிக்கொண்டு ஓடிய அந்த ஏழடி இறக்கை விமானம் சடாரென்று இடது பக்கம் திரும்பி, ஆள் உயரத்துக்கு எகிறி...

"ஐயோ... அம்மா...!"

மூக்கில் சுழன்ற ப்ரொப்பெல்லர் சம்பத்தின் கழுத்தைத் தொட்டது.

அவ்வளவுதான்.

குன்றத்தூர் தாண்டி வறண்டு கிடந்த ஏரி. ஞாயிற்றுக்கிழமை காலை. பொம்மை விமானம் விட வந்த இடத்தில் நிஜப் பிணம்!

*

"பொம்மைன்னு சொல்றியே பாய்... பெட்ரோல் ஊத்தி ஓட்டுறது பொம்மையா?"

இன்ஸ்பெக்டர் துளசிங்கம் மேஜை மேல் கிடந்த விமானத்தின் வாலைத் தட்டினார். ஸ்டேஷன் ஃபேன் கடமைக்குச் சுற்றியது.

எதிரே அஃப்தாப். மேற்கு தாம்பரத்தில் ரிமோட் விமானம் செய்து விற்கிற கடைக்காரன். சட்டையெல்லாம் வேர்வை. பக்கத்தில் அவன் மனைவி நிகத், ஆறு மாத வயிற்றோடு. மூலை பெஞ்சில் தினகரன். செத்துப்போன சம்பத்தின் மச்சினன். மடியில் ஹேண்டிகேம். அதை வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"விமானத்தைச் செஞ்சது யாரு?"

"நான்தான் சார். சம்பத் சார் ஆர்டர் குடுத்தாரு."

"ஓட்டுனது?"

"நான்தான். புது விமானம்னா முதல் தடவை நான்தான் ஓட்டிக் காட்டுவேன்."

"செத்தது உன் கடை இருக்கற கட்டடத்து ஓனர். போன வாரம்தான் கடையைக் காலி பண்ணச் சொல்லியிருக்காரு. கரெக்டா?"

அஃப்தாப் ஆமாம் என்று தலையாட்டினான்.

"சார், அது வேற விஷயம். இது ஆக்ஸிடென்ட். கேபிள் அறுந்துருச்சு."

"என்ன கேபிள்?"

"வால்ல நிக்குதே இந்தப் பலகை... ரட்டர்னு சொல்வோம். இதுதான் வண்டியைத் திருப்பும். நடுவுல ஒரு மோட்டார். அதுலேர்ந்து ரட்டருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மெல்லிசு ஸ்டீல் கேபிள். மாட்டுக்குக் கயிறு புடிக்கிற மாதிரி சார். வலதை இழுத்தா வலது, இடதை இழுத்தா இடது. கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஒண்ணு போச்சுன்னா ஒரு பக்கம்தான் திரும்பும்."

"போச்சா... போக வெச்சியா?"

துளசிங்கம் அறுந்த கேபிள் முனையை லென்ஸுக்கு அடியில் நீட்டினார்.

"பாரு. இழையெல்லாம் பளபளன்னு அரத்தால ராவியிருக்கு. ஒரே ஒரு இழையை மட்டும் விட்டு வெச்சிருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி ஆட்டிப் பார்த்தா நல்லா வேலை செய்யும். இன்ஜின் அதிர்ந்துச்சுன்னா பட்டுனு போகும். கொலைய்யா இது... கொலை!"

"யா அல்லா..." நிகத் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் சிட்டிபாபு விமானத்தின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சார், ஒரு டவுட்டு. மோட்டாருக்கு லெஃப்ட்ல மாட்டிகினு கீற கேபிள்தான் அறுந்துகீது. லெஃப்ட் பூட்ச்சின்னா வண்டி ரைட்லதானே போவணும்? இது லெஃப்ட்ல வந்து அவரைத் தூக்கிகீதே!"

துளசிங்கத்தின் புருவம் ஏறியது.

"பாய்... எப்படி?"

"உள்ள கேபிள் குறுக்கே..."

"என்னங்க, சும்மா இருங்க!" நிகத் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அப்பாவிக்குத்தான் புரியவில்லை!

"உண்மையைத்தானே சொல்றேன் நிகத்... சார், கேபிளை நேரா விட்டா வெளிய வர்ற ஓட்டையில உரசுது. அதனால இந்தத் தடவை உள்ளயே எக்ஸ் மாதிரி குறுக்கே போட்டேன். மோட்டார்ல இடது பக்கம் இருக்கறது வால்ல வலது பக்கம் போகும். சம்பத் சாரோட பழைய விமானத்துல நேராத்தான் போட்டிருந்தேன்."

"இந்தக் குறுக்கு வெளிய தெரியுமா?"

"தெரியாது சார். வால் பக்கம் ஒட்டி மூடிட்டேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு... எனக்கு மட்டும்தான்."

"முடிஞ்சுது கதை!" துளசிங்கம் மேஜையைத் தட்டினார். "எந்தக் கேபிளை ராவுனா எந்தப் பக்கம் போகும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீ! சிட்டிபாபு, எழுதுய்யா!"

நிகத் வெடித்தாள்.

"கொலை பண்ணவர் இதைச் சொல்லுவாரா சார்? வாயை மூடிட்டு இருந்திருந்தா உங்களுக்குக் குறுக்கும் தெரியாது, நெடுக்கும் தெரியாது! நேத்து சாயங்காலமே விமானத்தை சம்பத் சார் கார்ல தூக்கிட்டுப் போயிட்டாரு. ராத்திரி அவர் வூட்லதான் இருந்துச்சு. அங்க யாரு இருந்தாங்கன்னு கேளுங்க!"

எல்லாக் கண்களும் மூலை பெஞ்சுக்குப் போயின.

தினகரன் எழுந்துவிட்டான். "சார்... நானும் அந்த வீட்டுலதான் இருக்கேன். ஆனா எனக்கு இதுல ஆனா ஆவன்னாகூடத் தெரியாது சார்! மாமா வீடியோ எடுக்கக் கூப்பிட்டாரு, போனேன்..."

"எடுத்தியா? போடு அதை."

கையளவு திரையில் ஏரி தெரிந்தது. எல்லோரும் குனிந்தார்கள். முதலில் அஃப்தாபின் குரல்.

"எல்லாரும் என் பின்னாடி வந்துருங்க! ஓடுற பாதைக்கு சைடுல யாரும் நிக்கக் கூடாது!"

அடுத்தது சம்பத்தின் குரல்.

"யோவ் பாய், என் ப்ளேன், என் இஷ்டம்! மச்சான், நீ ரைட் சைடுல நின்னு எடு. இன்னும் முன்னால வா... இன்னும் கொஞ்சம்... ம்ம், அங்கதான். எது வந்தாலும் நகராத, வீடியோ ஆடிரும்!"

"நீங்க மாமா?"

"நான் லெஃப்ட்ல நின்னுக்கறேன். அதான் சேஃப்டி!"

துளசிங்கம் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். பிறகு தினகரனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கும் உன் மாமாவுக்கும் என்னய்யா தகராறு?"

"கோவளத்துல எங்க அப்பா நிலம் சார். அக்காவுக்கும் எனக்கும். மாமா ப்ளாட் போடணும்னாரு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னேன். ஒரு மாசமா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனாரு. நேத்துத்தான் தோள்ல கை போட்டு, வா மச்சான்னு..."

"சிட்டிபாபு! பாடியோட பாக்கெட்ல என்னய்யா இருந்துச்சு?"

சிட்டிபாபு கவரைக் கவிழ்த்தார். பர்ஸ். செல்போன். சாவிக்கொத்து. அப்புறம்... விரல் நீளத்தில் ஒரு முக்கோண அரம்!

அரத்தின் பல்லிடுக்கில் ஸ்டீல் தூள் மினுமினுத்தது.

"அவருக்குத் தெரிஞ்சது கேபிள் நேரா போற பழைய விமானம்," துளசிங்கம் நிதானமாகச் சொன்னார். "மூடியைத் திறந்தாரு. இடது பக்கம் இருந்த கேபிளை ராவுனாரு. இடது போனா வண்டி வலது பக்கம் பாயும். வலது பக்கம் யாரு நின்னது? கொலைப்பழி யாரு தலையில விழும்?"

தினகரன் கையிலிருந்து ஹேண்டிகேம் நழுவி விழுந்தது.

"அப்போ அது... எனக்கா சார்?"

துளசிங்கம் தலையாட்டினார். நிகத் அஃப்தாபின் தோளில் சாய்ந்து விசும்பினாள். உயிர் திரும்பி வந்த அழுகை அது. அஃப்தாப் கீழே விழுந்த ஹேண்டிகேமை எடுத்து நீட்டினான்.

"நான் வழக்கம்போல நேரா போட்டிருந்தா..." என்று தினகரனைப் பார்த்தான்.

சிட்டிபாபு பேனாவோடு தலையைச் சொறிந்தார்.

"சார், செத்தது சம்பத்து. எழுதிட்டேன். கொன்னது யாருன்னு போடறது?"

துளசிங்கம் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அதே பேரை எழுதுய்யா. பரவால்ல, நல்ல மனுஷன்... தேடிப் புடிக்கிற வேலை வைக்காம தண்டனையையும் தானே குடுத்துட்டுப் போயிட்டாரு!"