பதினேழாம் எண் அட்டை

“என் அண்ணன் பேரை மைதானத்துச் சுவத்துல எழுதுங்க, ஸ்கிப்பர்.”

அட்டைக் கடையில் வரிசை அப்படியே நின்றது. கையெழுத்துக்காக நீட்டிய பேஸ்பால் அட்டைகள் அவரவர் கையிலேயே இருந்தன.

அம்மா பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான். “கார்ல் ப்ரென்னர்கிட்ட எதை வேணா கேளு, உங்க அண்ணன் ஆண்டி பேரை மட்டும் எடுக்காதே. நீ படிக்கிற படிப்பு அவர் குடுக்கிறது.” மார்த்தா ஹூடாக் பட்டம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். இனி அவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஆஷ்பி க்ரீக் பேஸ்பால் அணியை முப்பது வருடம் பயிற்சி கொடுத்து நடத்திய மேனேஜர் ப்ரென்னர்; ஊருக்கு அவர் ஸ்கிப்பர். எஃகு ஆலை மூடிய பிறகு அந்த ஊருக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை அவர்தான். சனிக்கிழமை மைதான வாசலில் அவருக்குச் சிலை திறக்கிறார்கள். அவர் தந்த உதவித்தொகையில் படித்த முதல் மாணவி என்று, நன்றி சொல்லிப் பேச மார்த்தாவைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஸ்கிப்பர் பேனாவை மூடினார். “இதோ பாரும்மா, அந்தச் சுவத்துல ஆடினவங்க பேரு இருக்கு. ஆட்டத்தன்னிக்கு மைதானத்துப் பக்கமே வராம குடிச்சிட்டு ஊரைவிட்டு ஓடி ஆத்துல விழுந்தவன் பேருக்கு அங்க இடமில்ல. அடுத்த ஆள் வாங்க!”

“படிக்கவெச்சா இதுதான் மரியாதை போல” என்றது வரிசையில் ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மார்த்தாவின் முகம் எரிந்தது. வாசலை நோக்கித் திரும்பியவளைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் கூப்பிட்டது. அட்டைக் கடைக்காரி வெர்னா ஹாஸ்கெல். எரிந்த வீட்டுக்கும் மூழ்கிய காருக்கும் இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே காப்பீட்டுக் கம்பெனியில் அவளுக்கு முப்பது வருட வேலை. ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கடையைப் போட்டாள். ஒருநாளும் குரல் உயர்த்திப் பேச மாட்டாள்.

பின்னறையில் எம்மெட் நிலைகொள்ளாமல் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். சம்பளமில்லாமல் கடையில் உதவுகிறார், கூடவே ஊர்க்கதையும் சப்ளை செய்கிறார்.

“காட்டு வெர்னா, சீக்கிரம் காட்டு! ஆவி போட்ட கையெழுத்து. நான் ரெண்டு நாளா தூங்கல.”

வெர்னா ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தாள். “1981-ல நம்ம அணிக்கு அச்சடிச்ச அட்டைக் கட்டு உனக்குத் தெரியுமில்ல, மார்த்தா? ஆகஸ்ட் பதினாலாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, முதல்ல வந்த இருநூறு பேருக்கு ஓசியா குடுத்தாங்க.”

“தெரியும். அண்ணன் செத்த அன்னிக்கு.”

“ஒண்ணுலருந்து இருபத்தஞ்சு வரைக்கும் எண். ஆனா பதினேழு யார்கிட்டயும் கிடையாது. அச்சே ஆகலைன்னு சேகரிக்கிறவங்க சொல்றாங்க.”

“செத்தவன் கையோட எடுத்துட்டுப் போயிட்டான்னும் சொல்றாங்க” என்றார் எம்மெட்.

“போன மாசம் ஸ்கிப்பர் வீட்டம்மா கார் கொட்டகையைக் காலி பண்ணி எல்லாத்தையும் வித்தாங்க. நான் வாங்கின பழைய அட்டைப்பெட்டியோட அடியில இது இருந்துச்சு.”

பதினேழு. ஆண்டி ஹூடாக். இருபது வயது. தொப்பிக்கடியில் அதே சிரிப்பு. படத்தின் மேல் நீல மையில் அண்ணனின் கையெழுத்து. அதற்கு மேலே ஒரு வரி: ‘குருவிக்கு. இந்த வலதுகைக்காரன் யாருன்னு எனக்கே தெரியல.’

“யாரு குருவி?” என்றாள் வெர்னா.

“நான்தான்.” மார்த்தா உறையை அருகில் இழுத்தாள். “வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது.”

“படத்தை நல்லா பாரு. உங்க அண்ணன் இடதுகைப் பந்துவீச்சாளன். பந்து வீசாத வலதுகையிலதான் கையுறை மாட்டுவான், இதுல இடதுகையில இருக்கு. அச்சுக்காரன் படத்தைத் திருப்பிப் போட்டுட்டான். அதைக் கிண்டல் பண்ணித்தான் எழுதியிருக்கான். அப்படின்னா அச்சான அட்டையைக் கண்ணால பாத்திருக்கான். இன்னும் ஒண்ணு. மை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கு?”

எழுத்து நெடுகிலும் நீல மை வலப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஈரம் காயாத மையின் மேலேயே ஒரு உள்ளங்கை நகர்ந்துபோயிருக்கிறது.

“இடதுகைக்காரங்க பளபளப்பான அட்டையில எழுதினா இப்படித்தான் ஆகும். எழுதினது அவன்தான். எப்போ எழுதினான்? அச்சகத்து ரசீது பெட்டிக்குள்ளயே இருக்கு. பகல் பன்னிரண்டு பத்துக்கு மைதானத்துல பெட்டி இறங்கியிருக்கு. வாங்கிக் கையெழுத்து போட்டது கார்ல் ப்ரென்னர்.”

மார்த்தா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஆற்றிலிருந்து எடுத்த காரில், அண்ணன் கையிலிருந்து கழற்றிய கடிகாரம். ஓடாது. ஆனாலும் கட்டிக்கொள்வாள். முள் இரண்டு இருபதில் நின்றுபோயிருந்தது.

“பன்னிரண்டு பத்துக்கும் ரெண்டு இருபதுக்கும் நடுவுல” என்றாள் மெதுவாக. “அவன் மைதானத்துக்குப் போயிருக்கான்.”

“அப்ப ஆவி இல்லையா?” எம்மெட்டுக்கு ஏமாற்றம்.

“அதைவிட மோசம், எம்மெட். காரை எப்போ கண்டுபிடிச்சாங்க?”

“மறுநாள் காலையில. மீன் பிடிக்கப் போனவங்க பாத்தாங்க.”

“ஆனா அதுக்கு முந்தின சாயங்காலமே இருநூறு கட்டுலயும் பதினேழு இல்ல. ஆடவேண்டியவன் ஆட்டத்துக்கு வரலைன்னா எந்த மேனேஜரும் வாசலைத்தான் பாத்துக்கிட்டிருப்பான். உக்காந்து அவன் அட்டையை உருவிக்கிட்டிருக்க மாட்டான். இனிமே வரமாட்டான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு.”

கதவு திறந்தது. கையெழுத்து போட்டு முடித்த ஸ்கிப்பர் கை விரல்களை நீவிக்கொண்டே வந்தார். “காப்பி இருக்கா, வெர்னா?” என்று கேட்டவர் மேசையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அதை எரிச்சிட்டதாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

“மத்ததை எரிச்சீங்க. இதை முடியல” என்றாள் வெர்னா.

கூரை மேல் மழை பிடித்தது. அன்று மத்தியானமும் இப்படித்தான் பெய்ததாம்.

“நான்தான் அவனைச் சீக்கிரம் வரச் சொன்னேன். மூணு மணி வரைக்கும் வாசல் பூட்டியிருக்கும், வேற யாரும் கிடையாது. சிரிச்சுக்கிட்டேதான் வந்தான். அட்டையைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சான். தங்கச்சிக்குன்னு எழுதிவெச்சான். அப்புறம், ‘தோளை அசைக்க முடியல ஸ்கிப்பர், இன்னிக்கு என்னை விட்டுடுங்க’ன்னான். பெரிய அணிக்கு அவனை எடுக்கலாமான்னு பாக்க ஆள் வர்ற நாளு. எனக்கு வெறி பிடிச்சிடுச்சு. ‘போய்த் தொலை, இந்த ஊர்ல இனி எவனும் உன் மூஞ்சியப் பாக்க மாட்டான்’னேன். அழுதுக்கிட்டே வண்டிய எடுத்தான்.”

“அப்புறம்?” என்றாள் மார்த்தா.

“சொன்னதைச் செஞ்சேன். உக்காந்து ஒவ்வொரு கட்டா ரப்பரை அவிழ்த்து அவன் முகத்தை உருவி எடுத்தேன். இருநூறு தடவை.” கைகளை விரித்துப் பார்த்தார். “அந்த நேரத்துலதான் அவன் தண்ணிக்குள்ள... சத்தியமா எனக்குத் தெரியாது பொண்ணே. மறுநாள் போலீஸ் வந்து கேட்டப்ப, வரவே இல்லைன்னு வாயில வந்துடுச்சு.”

“குடிச்சிருந்தான்னு?”

“அது ஊரு சொன்னது.”

“நீங்க மறுக்கல. எங்கப்பா கடைசி வரைக்கும் தலை நிமிரல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனாக்கூடப் பின்வாசல் வழியாத்தான் போவார்.”

“உன்னைப் படிக்கவெச்சேனே! அது எதுக்குன்னு நெனச்சே?” அவர் குரல் உடைந்தது. “அவன் பேரை எழுதிடறேன். நாளைக்கே, முதல் வரியில எழுதச் சொல்றேன். சனிக்கிழமை மட்டும் நல்லபடியா போகட்டும். இந்த அறையோட இருக்கட்டும் இது.”

எம்மெட் தரையைப் பார்த்தார். வெர்னா மார்த்தாவைப் பார்த்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மார்த்தா கேட்டது இதைத்தான். சுவரில் ஒரு பெயர். கேட்டது இப்போது கிடைக்கிறது. முதல் வரியிலேயே கிடைக்கிறது.

அவள் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து ஸ்கிப்பரின் முன் வைத்தாள். சனிக்கிழமைக்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய நன்றியுரை. ‘எங்கள் குடும்பத்துக்கு ஒளி தந்தவர்’ என்று தொடங்கியது.

“இதை நீங்களே வெச்சுக்குங்க.”

“அப்ப... பேச வரமாட்டியா?” அவர் கண்ணில் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது.

“பேசறேன்னு ஒத்துக்கிட்டேனே, ஸ்கிப்பர். பேசுவேன்.”

அச்சக ரசீதை வெர்னா கேட்காமலே நீட்டினாள். மார்த்தா அதையும் அட்டையையும் உறைக்குள் வைத்தாள். பதினைந்து வருடம் கழித்துத் தன் பேருக்கு வந்து சேர்ந்த தபால். ஈரம் படாமல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கடையைக் கடந்து, முன்வாசல் வழியாகவே மழைக்குள் இறங்கி நடந்தாள்.